ஓட்டாஞ்சில்லிலிருந்து ஒரு களிமண் பலகை: கண்டெடுத்த பொருள்களோடு மண்வேலை தொடங்குபவர்களுக்கு

பாண்டி ஆடி வளர்ந்தவர்களுக்கு ஓட்டாஞ்சில்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த பானையில் உள்ளங்கைக்கு அடக்கமான ஒரு துண்டைப் பொறுக்கி, கருங்கல்லில் தேய்த்து முனை மழுக்கி, கட்டத்தில் வீசினால் துள்ளாமல் விழுகிறதா என்று பார்த்துப் பத்திரப்படுத்துவோம். நல்ல சில்லை நெருங்கிய தோழிக்குக்கூடத் தர மனம் வராது. கீழடி அகழாய்வில் பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் யாரோ ஒருவர் உடைந்ததை எறிய மனமில்லாமல் கையில் எடுத்துத் தேய்த்திருக்கிறார்.

கண்டெடுத்த பொருள்களை வைத்து மண்ணில் வேலை செய்வது அந்தக் கைப்பழக்கத்தின் தொடர்ச்சிதான். இதற்குச் சக்கரம் வேண்டாம், சொந்தச் சூளை வேண்டாம், ஓவியம் வரையத் தெரிந்திருக்கவும் வேண்டாம். ஒரு சப்பாத்திக் கட்டை, ஒரு பழைய வேட்டித் துணி, பக்கத்தில் எங்காவது சூளை போடும் ஒரு குயவர், இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் இந்த வேலையைச் செய்ததில் நான் உறுதியாக நம்புவது இது: பொருளை மண்ணுக்குள் புதைக்காதீர்கள், அதை அழுத்தி அதன் தடத்தை மட்டும் எடுங்கள். இதற்கான காரணம் பாதி நெருப்பில் இருக்கிறது, மீதி மனசில் இருக்கிறது. இரண்டையும் போகப் போகச் சொல்கிறேன்.

எங்கே பொறுக்குவது, எங்கே கூடாது

வீடு இடிக்கும் இடங்கள்தான் நகரத்தில் பெரிய புதையல். மங்களூர் ஓடு, கதவுக் கீல், சாவி, ஜன்னல் கம்பியின் பூ வேலை, பழைய சுவிட்சு, பீங்கான் கப்பி, ஊறுகாய் ஜாடியின் மூடி என எல்லாம் குப்பை லாரிக்குப் போகும் வழியில் கிடக்கும். மேஸ்திரியிடமோ வீட்டுக்காரரிடமோ கேட்டு எடுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு அந்த வீட்டின் கதையையும் சொல்வார்கள், அதுதான் நமக்கு முக்கியம். கடற்கரையில் அலை தேய்த்த ஓடும் கண்ணாடியும் கிடைக்கும். வீட்டிலேயே தேடினால் அறுந்த தாம்புக்கயிறு, பல் போன சீப்பு, தேய்ந்த அப்பளக்கட்டை, ஒற்றைக் கொலுசுத் திருகு எல்லாம் இருக்கும்.

தொல்லியல் மேடுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அரிக்கமேடு, ஆதிச்சநல்லூர், கொடுமணல் போன்ற இடங்களிலும், உழும்போது கறுப்பு சிவப்பு ஓடுகள் வெளிவரும் சாதாரண வயல்களிலும், தரையில் கிடக்கும் சிறு துண்டும் ஆராய்ச்சியாளருக்கு ஒரு சான்று. எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அது வெறும் ஓடு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். நம் வேலைக்கு நேற்று உடைந்த டீ கிளாஸே தாராளம்.

எடுத்தவுடன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: நாள், தெரு, யார் கொடுத்தது, அவர் சொன்ன ஒரு வரி. நான் முதல் இரண்டு வருடம் இதைச் செய்யவில்லை. அப்போது சேர்த்த ஒரு பெட்டி நிறைய ஓடுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. எது எந்த வீட்டுடையது என்று சொல்ல முடியவில்லை, அதனாலேயே அவற்றில் எதையும் என்னால் பயன்படுத்த முடியவில்லை.

ஒரே ஒரு பொருள், ஒரு வாரம்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பொறுக்கிய பத்துப் பொருளையும் ஒரே பலகையில் அழுத்துவது. அப்படிச் செய்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் நிற்காது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கழுவி, காயவைத்து, தினமும் கண்ணில் படும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் தடவிப் பாருங்கள். கண்ணுக்கு அழகாக இருப்பது மண்ணில் பதியாமல் போகலாம், விரலுக்குத் தட்டுப்படுவது கட்டாயம் பதியும்.

எனக்கு அப்படி வந்து சேர்ந்தது எங்கள் தெருவில் இடித்த ஒரு வீட்டின் கூரை ஓடு, பாதிதான். பின்பக்கம் ஆங்கில எழுத்துகள் புடைப்பாக இருந்தன, ஊர்ப் பெயரில் கடைசி மூன்று எழுத்து மட்டும் மிச்சம். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து, மேற்குக் கரையின் ஓட்டு ஆலைகள் தங்கள் பெயரையும் ஊரையும் இப்படிப் பச்சை மண்ணிலேயே அச்சாகப் பதித்து அனுப்பின. கூரைக்கு மேலே ஏறிய பிறகு அந்த எழுத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. வீடு இடியும் அன்றுதான் அது மறுபடி வெளிச்சத்துக்கு வருகிறது. ஒரு வாரம் பார்த்தபின் எனக்கு வேண்டியது ஓடு அல்ல, அந்த மூன்று எழுத்து என்று தெரிந்தது.

மண்

பக்கத்துக் குயவரிடம் பிசைந்த மண்ணாகவே 5 கிலோ கேட்டு வாங்குங்கள். அவர் மண்ணை எடுத்தால் அவர் சூளையில் சுடலாம், அதுதான் பாதுகாப்பு. வேறு மண்ணை அவர் சூளைக்குள் கொண்டுபோகாதீர்கள். உள்ளே ஒரு பட்டாணி அளவு ஈரம் தங்கி வெடித்தால் பக்கத்துப் பானைகளும் போகும், அது அவருடைய சம்பாத்தியம்.

பதம் பார்க்க, மண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிப்பு விட்டால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் துணியில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

சூளைக்குள் எது போகலாம்

என் முதல் வருடத்தில் கடற்கரைச் சிப்பிகளை ஒரு தட்டின் விளிம்பில் வரிசையாகப் பதித்துச் சுட்டேன். சூளையிலிருந்து அழகாகத்தான் வந்தது. அலமாரியில் வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு மழை நாளில் பார்த்தால் சிப்பிகள் மாவாகி உதிர்ந்திருந்தன, தட்டின் விளிம்பு பிளந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் புதிர் எதுவும் இல்லை. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தானே நம் ஊரில் சுண்ணாம்பு எடுத்தார்கள்? 800 டிகிரிக்கு மேல் சிப்பி சுட்ட சுண்ணாம்பாகிவிடும். காற்றின் ஈரத்தை இழுத்து நீறும்போது பருக்கும், சுற்றியுள்ள மண்ணைப் பிளக்கும். சுவரிலிருந்து பெயர்ந்த ஓட்டில் ஒட்டியிருக்கும் காரைக்கும் இதே குணம் உண்டு.

உலோகங்களும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. அலுமினியம் 660 டிகிரியில் உருகி ஓடும். பித்தளை 900ஐ ஒட்டி உருகும், அதிலுள்ள துத்தநாகம் புகையாகும், அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு. ஆகவே பித்தளைச் சாவி, குத்துவிளக்குத் துண்டு எதையும் நெருப்பில் இடாதீர்கள். செம்பு 1085 வரை தாங்கும். இரும்பு உருகாது, ஆனால் மேல்தோல் கருகிச் செதில் செதிலாக உதிரும். கண்ணாடி வளையல் துண்டை ஒரு சிறு பள்ளத்தில் போட்டுச் சுட்டால் சூளையின் சூட்டைப் பொறுத்து இளகியோ உருகியோ நிற்கும். பார்க்க அழகு, ஆனால் ஆறும்போது மயிரிழை வெடிப்பு விடும், விளிம்பு கூராக இருக்கும், நிறமும் மாறலாம். சுவரில் மாட்டும் பொருளுக்கு மட்டும் சரி, சாப்பிடும் பாத்திரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பழைய பானை ஓட்டை ஈர மண்ணில் பதித்தால் என்ன? அது ஏற்கெனவே சுட்டது, இனிச் சுருங்காது. சுற்றியுள்ள பச்சை மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். நடுவில் ஒருவர் அசையாமல் நின்றால் சுற்றியிருப்பவர் கிழிந்துதான் போவார். ஓட்டைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி வெடிப்பு வரும். ஆத்தங்குடிக் கல்லை ஓடு என்று நினைத்துச் சூளைக்குள் வைக்கக் கேட்பவர்கள் உண்டு. அது சிமெண்டுக் கல், சுட்ட மண் அல்ல, நெருப்பு அதைத் தாங்காது.

இலை, நார்க்கயிறு, நெல் உமி, பருத்தித் துணி இவையெல்லாம் தாராளமாக உள்ளே போகலாம். எரிந்து சாம்பலாகித் தங்கள் உருவத்தை வெற்றிடமாக விட்டுச் செல்லும். பழைய பானை ஓடுகளில் இப்படி எரிந்துபோன உமியின் தடத்தை வைத்துத்தான் அந்தக் காலத்தில் நெல் இருந்ததா என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். நைலான், பாலியஸ்டர், பிளாஸ்டிக் கூடாது, புகை நஞ்சு.

ஜப்பானில் விறகுச் சூளை போடுபவர்கள் சிப்பியை வேறு விதமாக வைத்துக்கொள்கிறார்கள். சிப்பிக்குள் களிமண் உருண்டை திணித்து, அதன்மேல் ஜாடியைப் படுக்க வைத்துச் சுடுவார்கள். சூளை பிரித்தபின் தண்ணீர் பட்டால் சிப்பி கரைந்துபோகும், ஜாடியின் வயிற்றில் அதன் வரிகள் மட்டும் நிற்கும். பொருள் போய்விடுகிறது, தொட்ட இடம் இருக்கிறது. என் தட்டு பிளந்தபின் இதைப் படித்தபோதுதான் என் வழி எனக்குத் தெரிந்தது.

முதல் பலகை

வேட்டித் துணியைத் தரையில் அல்லது மேசையில் விரித்து, அதன்மேல் மண்ணை வைத்து உள்ளங்கையால் தட்டி அகலமாக்குங்கள். இரண்டு பக்கமும் 1 செ.மீ. கனமுள்ள மரச்சட்டம் வைத்து, சப்பாத்திக் கட்டையைச் சட்டங்களின் மேல் உருட்டினால் கனம் ஒரே சீராக வரும். பாதியில் மண்ணைத் துணியோடு தூக்கித் திருப்பிப் போட்டு மறுபக்கமும் உருட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் உருட்டிய பலகை காயும்போது அப்பளம் மாதிரி வளையும்.

மேற்பரப்பை நனைந்த விரலால் தடவாதீர்கள், ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் மெல்ல வழித்துவிடுங்கள். இருபது நிமிடம் விடுங்கள். விரல் வைத்தால் பதிய வேண்டும், ஒட்டக்கூடாது.

இப்போது உங்கள் பொருளின் மேல் முகப்பவுடரை லேசாகத் தூவி, ஊதிவிடுங்கள். சமையல் எண்ணெய் தடவினாலும் மண் ஒட்டாது. பொருளை நேர் மேலிருந்து வையுங்கள். ஆட்டாமல், நகர்த்தாமல், உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே சீராக அழுத்துங்கள். பலகையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும். அதற்கு மேல் போனால் பின்பக்கம் வெடிக்கும். எடுக்கும்போதும் நேர் மேலே தூக்குங்கள்.

முதல் அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் அதன்மேலேயே இரண்டாவது அழுத்த வேண்டாம். மண்ணைச் சுருட்டிப் பிசைந்து மறுபடி உருட்டுங்கள். நான் அந்த மூன்று எழுத்துக்குப் பதினான்கு முறை உருட்டினேன். பொருளுக்குப் பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் விடுவது என்பது அத்தனை முறை உருட்டினால்தான் கைக்குப் பிடிபடும். நிறைய விடுங்கள். ஒரு பெரிய முற்றத்தின் மூலையில் ஒரு சாவி கிடப்பதுபோல இருக்கட்டும்.

கயிற்றிலிருந்து தொடங்க விரும்புகிறவர்கள் தாம்புக்கயிற்றை ஒரு குச்சியில் சுற்றி மண்மேல் உருட்டிப் பாருங்கள். உலகின் மிகப் பழைய மண்பாண்டங்களில் ஜப்பானின் ஜோமோன் பாண்டங்களும் அடங்கும். 1877இல் டோக்கியோ பக்கம் ஓமோரியில் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தோண்டியெடுத்த ஓடுகளில் இந்தக் கயிற்றுத் தடம்தான் இருந்தது, ஜோமோன் என்ற சொல்லுக்கே கயிற்று அடையாளம் என்றுதான் பொருள். அதே வரிகளை உங்கள் கிணற்றுக் கயிறு உங்கள் பலகையில் போடுவதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும், எனக்குச் சிலிர்த்தது.

ஓரங்களை மறுநாள் மண் செருப்புத் தோல் மாதிரி இறுகிய பிறகு கத்தியால் நறுக்குங்கள். அப்போதே பின்பக்கத்தில் ஓர் ஆணியால் நாளும் இடமும் எழுதுங்கள், மாட்டுவதற்கு இரண்டு துளையும் போடுங்கள். அப்புறம் ஸ்கேல் வைத்து, சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். சுட்டபின் அந்தக் கோட்டை அளந்தால் உங்கள் மண் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துவிடும்.

முத்திரை

தடத்திலிருந்து தடம் எடுக்கலாம். புடைப்பு எழுத்தை மண்ணில் அழுத்தினால் அது குழியாக, இடவலம் மாறிப் பதியும். அந்தத் துண்டைச் சுட்டுக்கொண்டால் அதுவே அச்சு. அதில் புதிய மண்ணை அழுத்தி எடுத்தால் எழுத்து மறுபடி புடைப்பாக, நேராக வரும். சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சுவதால் பவுடர்கூட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் தானே கழன்று வரும். பத்து அச்சு எடுத்தபின் வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்துங்கள்.

உங்கள் மண் பத்து சதவீதம் சுருங்குகிறது என்றால் 10 செ.மீ. ஓடு முதல் அச்சில் 9 ஆகும், அதிலிருந்து எடுத்தது சுட்டபின் 8.1 ஆகும். நான் ஆறு தலைமுறை வரை எடுத்துப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொரு முறையும் சிறுத்து, ஓரங்கள் மழுங்கி, கடைசியில் வாசிக்க முடியாத மூன்று மேடுகளாக நின்றது. அந்த ஆறையும் வரிசையாகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் பிறந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, ஆறாவதின் மேல் கைவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

காயவைப்பது, சுடுவது

நிழலில் இரண்டு வாரம். முதல் மூன்று நாள் மேலே செய்தித்தாள் போட்டு, கம்பி வலை அல்லது கீற்றுத் தட்டியின்மேல் வையுங்கள், அடியிலும் காற்று போகட்டும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதைச் சூளைக்கு அனுப்பினால் 100 டிகிரியில் நீராவி வெடிக்கும்.

காவிக்கல் தூளைத் தண்ணீரில் கரைத்து, காய்ந்த பலகையின் தடத்துக்குள் மட்டும் தூரிகையால் விட்டு, மேற்பரப்பை ஈரத் துணியால் ஒரே வீச்சில் துடைத்துவிடுங்கள். சுட்டபின் தடம் அடர்ந்து தெரியும்.

கார்த்திகைக்கு முன் விளக்குச் சூளையும் பொங்கலுக்கு முன் பானைச் சூளையும் அடிக்கடி எரியும். அந்தச் சமயம் குயவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஆனால் பானைகளுக்கு நடுவில் உங்கள் பலகைக்கு இடம் எளிதில் கிடைக்கும். முன்கூட்டியே கேளுங்கள், கூலி கொடுங்கள், அடுக்கும்போது கூடமாட நில்லுங்கள். பலகையைப் படுக்கையாக வைக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்வார், அவர் சொல்கிறபடி செய்யுங்கள். வைக்கோலும் சேறும் மூடிய சூளையில் எந்தப் பக்கம் கறுக்கும், எந்தப் பக்கம் சிவக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆறும்வரை பிரிக்க அவசரப்படுத்தாதீர்கள்.

1200 டிகிரிக்கு மேல் சுடும் கெட்டி மண் வேலை பழக வேண்டுமென்றால் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் போகலாம். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைச் சுற்றி அங்கே ஒரு பெரிய மண்கலைப் பரம்பரையே வளர்ந்திருக்கிறது.

துண்டையே வைக்க வேண்டுமென்றால்

சில பொருளை விட மனம் வராது. அம்மாவின் மங்குத் தட்டு உடைந்தால் தடம் போதாது, தட்டே வேண்டும். அப்படியானால் பலகையில் துண்டைவிடப் பதினைந்து சதவீதம் பெரிதாகப் பள்ளம் எடுத்து, காலியாகச் சுட்டு, ஆறியபின் அரால்டைட் போட்டுத் துண்டை உட்காரவையுங்கள். கூர் ஓரங்களைத் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் மழுக்குங்கள். உலர்வாகத் தேய்த்தால் வரும் தூசி நுரையீரலில் தங்கும், என்95 முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஜப்பானியர் உடைந்த கிண்ணத்தை அரக்கும் பொன்துகளும் கொண்டு ஒட்டும் கின்ட்சுகி பலருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது யோபிட்சுகி. காணாமல் போன துண்டின் இடத்தில், வேறொரு பாத்திரத்தின் ஓட்டை இழைத்துப் பொருத்துவது. யோபி என்றால் கூப்பிடுவது. வேறு வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பந்தியில் உட்காரவைப்பது மாதிரி. இதற்கு ஜப்பானியர் பயன்படுத்தும் உருஷி என்ற மரப்பால் அரக்கு பச்சையாகத் தோலில் பட்டால் கடுமையாகத் தடிக்கும், புதியவர்கள் குருவில்லாமல் தொட வேண்டாம். கடையில் கிடைக்கும் எபாக்சிப் பசையும் தங்க நிறப் பொடியும் கொண்டு பழகலாம், ஆனால் அந்தக் கிண்ணத்தில் சாப்பிடக்கூடாது.

நிறையத் துண்டு சேர்ந்துவிட்டவர்கள் ஒரு முறையாவது சண்டிகர் போய்வாருங்கள். அங்கே சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், அந்தப் புதிய நகரத்துக்காக இடித்த கிராமங்களின் மிச்சங்களை, உடைந்த பீங்கானை, வளையலை, சைக்கிளில் அள்ளிவந்து காட்டுக்குள் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் சிலைகளாக்கினார். 1976இல்தான் அது ராக் கார்டன் என்ற பெயரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தேசப் பிரிவினையில் தன் கிராமத்தை இழந்து வந்தவர் அவர். அந்த வளையல் துண்டுகளின் முன் நின்றபோது, துண்டை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதிவைக்கும் வழக்கத்தை நான் இன்னும் கவனமாகச் செய்ய ஆரம்பித்தேன்.

உடைந்து வந்தால்

முதல் சூளையில் பாதி உடைந்து வரலாம். எறியாதீர்கள். சாக்குத் துணியில் சுற்றி, தண்ணீர் தெளித்து, சுத்தியலால் இடித்து, ரவை சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் நிற்பதை மறுபடி இடியுங்கள். விழுந்த தூளில் மாவு மாதிரி இருப்பதைத் தண்ணீரில் அலசிக் கொட்டிவிட்டு, குருணையை மட்டும் வையுங்கள். அடுத்த 5 கிலோ மண்ணில் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இதைச் சேர்த்துப் பிசைந்தால் சுருக்கம் குறையும், பலகை வளையாது, வெடிப்பும் குறையும். உலகில் பல ஊர்களின் பழங்காலக் குயவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். டப்பாவின் மேல் எந்தப் பலகை உடைந்த தூள் என்று எழுதி ஒட்டுங்கள். என்னிடம் இப்போது அப்படி ஏழு டப்பா இருக்கிறது, ஓட்டு எழுத்துப் பலகைகளில் சூளை தின்ற நான்கும் அதில் ஒன்றில்.